புரூஜ் நகரின் பழஞ்செல்வம்

வணிகத்தால் உயர்ந்த நகரங்கள் பல. வணிகம் அகன்ற பின்னரும் பெருமை குன்றாது நிலைத்தவை சிலவே. பெல்சிய நாட்டிலே, பிளாண்டர்ஸ் என்னும் நிலப்பகுதியில் அமைந்த புரூஜ் அச்சிலவற்றுள் ஒன்றாகும். அதன் உயர்வும் தாழ்வும் எவ்வாறு நிகழ்ந்தன என்பதை ஈண்டு நோக்குவாம்.

கி. பி. 1134ஆம் ஆண்டில் எழுந்த பெரும்புயல் கடலை நிலத்தினுட் புகச்செய்து, சுவின் என்னும் நீர்வழியைத் திறந்தது. அவ்வழியே வாணிகம் புரூஜை நாடிற்று. இங்கிலாந்தின் ஆட்டுமயிர் இங்கு வந்திறங்கி, பிளாண்டர்ஸ் நெசவாளரின் கைத்திறத்தால் உயர்ந்த கம்பளித் துணியாயிற்று. 1277இல் செனோவா நகரத்து மரக்கலங்கள் கடல்வழியே நேராக வந்தன. வடபுலத்து அன்சா வணிகர் கூட்டத்தினரும் இங்கு நிலைகொண்டனர். வான் டெர் பேர்சே என்னும் குடும்பத்தாரின் விடுதி முன்றிலில் வணிகர் கூடிப் பேரம் பேசினர். பங்குச் சந்தையைக் குறிக்க ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வழங்கும் 'பூர்ஸ்' என்னும் சொல் அக்குடும்பப் பெயரினடியாகப் பிறந்ததென்பர்.

செல்வத்தோடு உரிமையுணர்ச்சியும் வளர்ந்தது. சந்தை வெளியில் 83 மீற்றர் உயர்ந்து நிற்கும் மணிக்கோபுரமே இதற்குச் சான்று. 1280இல் மூண்ட தீயில் அங்கிருந்த நகர ஆவணங்கள் அழிந்தன. ஆயினும், மீளக் கட்டிய கோபுரத்திலும் நகரத்தார் தம் உரிமைப் பட்டயங்களை இரும்புக் கதவுகளின் பின்னே பூட்டிவைத்தனர். அது கோயிலுக்குரியதன்று; அரண்மனைக்குரியதுமன்று; குடிகளுக்குரிய கோபுரம்.

பதினைந்தாம் நூற்றாண்டிலே, பர்கண்டிக் கோமக்களின் ஆட்சியில், கலை செழித்தது. யான் வான் ஐக் இங்கு வாழ்ந்து 1441இல் மறைந்தார். மெம்லிங் என்னும் ஓவியர் புனித யோவான் மருத்துவசாலைக்கெனத் தீட்டிய ஓவியங்களை இன்றும் அவ்விடத்திலேயே காணலாம். ஆங்கில மொழியில் முதன்முதல் அச்சேறிய நூலைக் காக்ஸ்டன் வெளியிட்டதும் இந்நகரிலேயே என்பது அறிஞர் பலரின் துணிபு.

பின்னர்ச் சுவின் நீர்வழி மணலால் தூர்ந்தது. 1488இல் நகரத்தார் ஆட்சியாளர் மாக்சிமிலியனைச் சிறைவைத்தனர். அவர் பகைமை பூண்டு, அயல்நாட்டு வணிகரை அன்ட்வேர்ப்புக்குச் செல்லத் தூண்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புரூஜ் வறுமையில் வாடிற்று. எளிய பெண்கள் சரிகைப் பின்னல் பின்னிச் சிறு கூலி பெற்றனர். பிற நகரங்கள் பழைய வீதிகளை இடித்து ஆலைகளை எழுப்பிய அக்காலத்தில், இடித்துக் கட்டுதற்கும் இங்கே பொருளில்லை. அதனால் பழைமை பிழைத்தது. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அந்நகரின் தொன்மைப் பகுதியை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

எனினும் வறுமையைப் போற்றுதல் தகாது. வறுமை இடியாது விட்டது, அவ்வளவே. அந்த மருத்துவசாலையார் ஓவியங்களைப் பேணாது விற்றிருப்பின், எஞ்சியிருப்பவை வெறுஞ்சுவர்களாகும். முன்னோர் ஈட்டியது தானே நிலைப்பதில்லை. இல்லாமையிலும் அதனை விலைபேச மறுப்போர் இருக்குமிடத்தே அது மரபாகின்றது.