செட்டைக் காட்டிக்கொடுப்பது எது?

கதை நடப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில். உயரத் தொப்பி வைத்த கனவான்கள், எண்ணெய் விளக்கு எரியும் வரவேற்பறைகள், ஆகாயக் கப்பல், பாதி மனிதனும் பாதி இயந்திரமுமான வில்லன். இதையெல்லாம் அன்று இன்னும் புதிதாகவே இருந்த ஹெச்.டி. கேமராவில் எடுக்கத் துணிந்தது ஒரு குழு. ‘தி சீக்ரெட் அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ஜூல்ஸ் வெர்ன்’ என்ற அந்தத் தொடர் கனடாவின் மான்ட்ரியலில் படமாகி, 2000-ஆம் ஆண்டில் ஒளிபரப்பானது. மொத்தம் 22 பகுதிகள். முழுக்க ஹெச்.டி.யில் எடுக்கப்பட்ட முதல் ஒரு மணி நேர நாடகத் தொடர் என்று அதைக் குறிப்பிடுவார்கள். ஜூல்ஸ் வெர்ன் தன் கதைகளைக் கற்பனை செய்யவில்லை, இளம் வயதில் அவற்றை வாழ்ந்தே பார்த்திருந்தார் என்பது அதை உருவாக்கிய கேவின் ஸ்காட்டின் அழகான யோசனை.

ஹெச்.டி.யில் பழங்காலக் கதை ஒட்டாமல் போவதற்கு நாம் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொல்வோம். படம் அளவுக்கு மீறித் தெளிவாக இருக்கும், ஒட்டுத்தாடியின் பசை தெரியும், பளிங்குத் தூண் வெறும் பிளைவுட் என்று புரிந்துவிடும், அதனால் எல்லாம் போலியாகத் தெரியும் என்போம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. விக்கின் ஓரத்து வலை, மேக்கப்பின் கனம், சுவரில் தூரிகை போன தடம் ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவைப்பட்டது. ஆனால் ஆணிவேர் அது அல்ல.

ஏன் அல்ல என்று பார்ப்போம். 1966 முதல் 1969 வரை வந்த ‘ஸ்டார் டிரெக்’ 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டது. அந்த நெகட்டிவிலிருந்து 2006-இல் ஹெச்.டி. வடிவம் தயாரித்தபோது, டிவியில் அதுவரை யாரும் பார்த்திராத நுணுக்கம் வெளியே வந்தது. அத்தனை நுணுக்கமும் ஃபிலிமில் முதலிலிருந்தே இருந்ததுதான். அப்படியும் அது சினிமாவாகவே தெரிந்தது. இன்னொரு சான்று நம் வீட்டிலேயே இருக்கிறது. தூர்தர்ஷனில் ‘ஒளியும் ஒலியும்’ பார்த்த அதே டிவியில் ஸ்டுடியோ நாடகமும் பார்த்தோம். இரண்டுக்கும் திரையில் படத்தை வரையும் கோடுகளின் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனாலும் எது சினிமாப் பாட்டு, எது ஸ்டுடியோ நாடகம் என்று குழந்தைகூட ஒரு நொடியில் சொல்லிவிடும். அப்படியானால் வித்தியாசம் தெளிவில் இல்லை.

முதல் காரணம் நேரம். சினிமா கேமரா ஒரு நொடியில் 24 படங்கள் எடுக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் உள்ளே வருவது வழக்கமாக நொடியில் 48-இல் ஒரு பங்கு நேரம். அதற்குள் கை அசைந்தால் அது லேசாக இழுபட்டுப் பதியும். அமெரிக்க, கனடிய முறைப்படி வந்த தொடக்க கால ஹெச்.டி. கேமராவோ நொடிக்கு 60 தடவை பதிந்தது. ஒரு தடவை ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்த தடவை இரட்டைப்படைக் கோடுகள் என்று அரை அரைப் படமாக. தொழிலில் இதை ஃபீல்டு என்பார்கள். அரைப் படமானாலும் ஒவ்வொன்றும் வேறு வேறு கணம். அசைவு வழுக்கிக்கொண்டு வருவதுபோல் இருக்கும். செய்தியும் கிரிக்கெட்டும் நேரலையும் இப்படித்தான் நமக்கு வருகின்றன. அதனால் இந்த அசைவைக் கண்டதும் ‘இது இப்போது, இங்கே நடக்கிறது’ என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. அப்படி முடிவு கட்டிய மனத்துக்கு 1860-களின் லண்டனை எப்படிக் காட்டுவது? கோட்டு போட்ட நடிகர்தான் தெரிவார். பழியைப் பாவம் தச்சர் மேலும் தையற்காரர் மேலும் போடுவோம்.

இரண்டாவது காரணம் வெளிச்சம். இங்கே அரிசி அளக்கும் படியை நினைத்துக்கொள்வோம். ஹெச்.டி. கேமராவில் ஃபிலிமுக்குப் பதிலாக ஒளியைப் பதியும் அன்றைய சென்சார், தலைதட்டி அளக்கும் படி. விளிம்பு வரைதான் கொள்ளும், மேலே விழுவது அத்தனையும் வீண். ஃபிலிம், குவித்து அளக்கும் படி. விளிம்பு தாண்டியும் கூம்பாகக் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றுக்கொள்ளும். பழங்காலக் கதையில் எங்கு திரும்பினாலும் சுடரும் விளக்கும் சன்னலும்தான். ஃபிலிமில் சுடரின் நடு பளிச்சென்று இருந்து, சுற்றிலும் மஞ்சளாக மெல்லக் கரையும். அந்தக் கேமராவிலோ சுடர் வெட்டியெடுத்த வெள்ளைத் துண்டாக நிற்கும். எனவே ஒளிப்பதிவாளர்கள் சன்னலை மெல்லிய தாளால் மறைத்தார்கள், அறையில் லேசாகப் புகை போட்டார்கள், லென்ஸுக்கு முன் ஒளியைக் கலைக்கும் ஃபில்டர் வைத்தார்கள். முகத்தைச் சற்று இருட்டாகவே எடுத்துப் பிறகு வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்வதும் உண்டு.

கேமராவுக்குள் இன்னொரு குறும்பும் இருந்தது. பொருள்களின் விளிம்பில் மெல்லிய கோடு இழுத்து, படத்தைக் கூர்மையாகக் காட்டும் ஒரு மின்சுற்று. நாம் ‘அதிகத் தெளிவு’ என்று குறை சொல்வது பல சமயம் இந்தச் செயற்கைக் கோட்டைத்தான். நாடகம் எடுப்பவர்கள் முதல் வேலையாக அதைத் தணித்து வைப்பார்கள்.

மூன்றாவது, சென்சாரின் அளவு. அகலம் ஏறத்தாழ 9.6 மி.மீ., சினிமா ஃபிலிம் சட்டத்தின் அகலத்தில் பாதிக்கும் குறைவு. சென்சார் சிறியதானால், அதே காட்சியை அடக்க லென்ஸின் குவியத்தூரமும் குறைய வேண்டும். அப்போது முன்னால் நிற்பவரோடு பின்சுவரும் ஃபோகஸில் வந்துவிடும். ஃபிலிமில் மங்கலாக விட்டுவிடக்கூடிய சுவருக்கும் இங்கே முழுசாக வண்ணம் பூச வேண்டும்.

ஆகாயக் கப்பல் போன்ற தந்திரக் காட்சிகளுக்கு வேறு தொல்லை. ஹெச்.டி. படத்தில் 1920-க்கு 1080 பிக்சல், பழைய அமெரிக்க டிவியில் 720-க்கு 480. பெருக்கிப் பார்த்தால் சரியாக ஆறு மடங்கு. அன்றைய கணினிகளுக்கு அது பெருஞ்சுமை. அக்காலத்தின் முக்கிய டேப் முறையான ஹெச்டிகேமோ குறுக்குவாட்டில் 1920-ஐ 1440 ஆகக் குறைத்தது, நிறத்துக்கு 480 மட்டுமே வைத்தது. நடிகருக்குப் பின்னால் வைத்த பச்சைத் திரையைக் கழித்து அவரைக் கப்பல் தளத்தில் நிறுத்த, தலைமுடியின் ஓரத்தை நிறத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அந்த நிறமே நாலில் ஒரு பங்குதான் டேப்பில் இருக்கும். ஃபிலிமில் ஆடுவதுபோல் அல்லாமல் படம் அசையாமல் நிற்பது ஒன்றுதான் இந்த வேலையில் கிடைத்த ஆறுதல்.

2000-இல் சோனியின் ஹெச்டிடபிள்யூ-எஃப்900 பரவலாக வந்தது. ஜார்ஜ் லூகாஸ் 2002-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை இந்த வகைக் கேமராவில்தான் எடுத்தார். அதிலும் சென்சார் அளவு அதேதான், ஹெச்டிகேம் டேப்பும் அதேதான். பிக்சல் எண்ணிக்கை கூடவில்லை. ஆனால் நொடிக்கு 24 முழுப் படங்கள் எடுக்க முடிந்தது. அசைவு சினிமாவைப் போல ஆனது அதனால்தான். வெளுத்த சுடரும் ஃபோகஸில் நிற்கும் பின்சுவரும் அதன் பிறகும் தொடர்ந்தன. 2010-இல் வந்த ஆரி அலெக்ஸா போன்ற பெரிய சென்சார் கேமராக்களில்தான் அவை பெருமளவு தீர்ந்தன.