உஷார்! ‘வாக்கிங் போங்க’ மட்டும் போதாது

எதிர்வீட்டு மாமாவுக்கு வயசு 61. பிரஷருக்கு மெட்டோபிரோலால் சாப்பிடுகிறார். போன வாரம் தெருமுனையில் மூச்சிரைக்க நின்றிருந்தவர், கை வாட்ச்சில் இதயத் துடிப்பைக் காட்டினார்.

“220-லேர்ந்து வயசைக் கழிச்சா 159. அதுல முக்கால்வாசியாவது வரணுமாம். என்ன ஓட்டமா நடந்தாலும் நூறைத் தாண்ட மாட்டேங்குதுப்பா! மாத்திரையை ரெண்டு நாள் விட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்.”

பகீரென்றது. துடிப்பை அடக்கி வைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலையே. அந்த 220 கணக்கு இவருக்குச் செல்லாது. திடீரென்று மாத்திரையை நிறுத்தினாலோ, மாரடைப்பு வரைக்கும் கொண்டுபோய் விடலாம்.

“டாக்டர் ஒண்ணும் சொல்லலையா மாமா?”

“சொன்னாரே, நல்லா வாக்கிங் போங்கன்னு.”

அவ்வளவுதான்! மாத்திரைக்குக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் என்று எழுதித் தருகிறவர், நடைக்கு அளவே சொல்லவில்லை. அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. பிரிட்டன் மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி 2012-ல் வந்த ஆய்வின்படி, அங்கே மொத்தப் படிப்பிலும் உடற்பயிற்சிப் பாடத்துக்குக் கிடைத்தது சராசரியாக 4.2 மணி நேரம். ரெண்டு தமிழ்ப்படம் பார்க்கவே அதைவிடக் கூட ஆகும். மாடி பஸ்ஸில் ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்குத்தான் இதய நோய் அதிகம் என்று லண்டனில் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ் 1953-லேயே காட்டிவிட்டார். அதே நாட்டில்தான் இந்த நிலைமை!

நாற்பதாவது டோக்கனைக் கூப்பிடும் கிளினிக்கில் டாக்டரே சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். எத்தனை நிமிஷம், எவ்வளவு வேகம், எப்போது நிறுத்தணும், இந்த மாத்திரையோடு ஒத்துவருமா என்று சீட்டை நீட்டிக் கேட்டுவிடுங்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது பொதுக்கணக்கு. ஸ்டென்ட் வைத்தவர்களும் நெஞ்சுவலி வந்துபோனவர்களும் தங்கள் அளவை இதய மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் வேகத்தைக் கூட்ட வேண்டும். பிரஷர் மாத்திரைக்காரர்கள் வாட்ச்சை நம்புவதைவிட வாயை நம்பலாம்: நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. பேச்சே திணறினால் வேகத்தைக் குறையுங்கள்.

நடையில் நெஞ்சு அழுத்தினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ, குப்பென்று வியர்த்தாலோ, கேஸ் டிரபிள் என்று சோடா குடித்துவிட்டு உட்காராதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். யார் பைக்கிலும் தொற்றிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.