ஒமகாசே: ஒரு சொல்லும் ஒரு விருந்தும்

ஜப்பானிய மொழியில் 'மகாசெரு' என்றொரு வினைச்சொல் உண்டு. ஒரு செயலைப் பிறரிடம் ஒப்படைத்தல், அதனை அவர் பொறுப்பில் விட்டுவிடுதல் என்பது அதன் பொருள். அவ்வினையினின்று பிறந்த பெயர் 'மகாசே'. மரியாதை குறிக்கும் 'ஒ' என்னும் முன்னொட்டு அதனோடு சேர 'ஒமகாசே' ஆயிற்று. முடிதிருத்துவோரிடம் சென்று, எப்படி வெட்டுவது என்று தாமே கூறாமல் அவர் கைத்திறனுக்கே விட்டுவிடும் ஜப்பானியரும் இச்சொல்லையே சொல்வர். தமிழில் "எல்லாம் உங்கள் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு அமர்வதை இதற்கு ஒப்பிடலாம்.

சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இச்சொல் இன்று உணவகப் பலகைகளில் காணப்படுகிறது. ஆயின் இங்கெல்லாம் அது விலையுயர்ந்த ஒரு விருந்தின் பெயராகவே வழங்குகிறது. ஒப்படைத்தல் என்னும் வினை மறைந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. செல்வர் தம் செல்வத்தைக் காட்டிக்கொள்ளும் இடம் அது என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் முற்றிலும் தவறன்று. எனினும் அந்த வினையை விளங்கிக்கொள்ளாமல் அந்த விருந்தை மதிப்பிடுதல் இயலாது.

ஜப்பானியச் சுஷிக் கடைகளில் உணவு பெறும் முறைகள் மூன்று. குறிப்பிட்ட சில துண்டுகளைக் குறிப்பிட்ட விலைக்கு வாங்குவது 'ஒகிமாரி'. விரும்பியதை ஒவ்வொன்றாகக் கேட்டு உண்பது 'ஒகொனோமி'. எதை, எந்த வரிசையில், எவ்வளவு தருவது என்பதையெல்லாம் சமையற்காரரிடமே விட்டுவிடுவது ஒமகாசே. முதல் இரண்டில் தேர்வு உண்பவருடையது. மூன்றாவதில் அவர் தம் தேர்வைக் கைவிடுகிறார். அவ்வாறு கைவிட்டு அவர் பெறுவது யாது என்பதே இங்கு எழும் கேள்வி.

அதற்கு விடை காண, சுஷி என்பது பச்சை மீன் என்னும் பொதுக்கருத்தை முதலில் விலக்க வேண்டும். 'சுஷி' என்ற சொல்லுக்கும் மீனுக்கும் தொடர்பில்லை. புளிப்புடையது என்னும் பொருள்தரும் பழைய பண்புச்சொல் அது. தொடக்கத்தில் மீனைக் கெடாது காக்கும் வழியாகவே சுஷி தோன்றிற்று. உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து, பல திங்கள் அழுத்தி வைப்பர். சோறு புளிக்கும், அப்புளிப்பு மீனைக் காக்கும். பின்னர் மீனை மட்டும் உண்டு சோற்றை எறிந்துவிடுவர். கியோட்டோவுக்கு வடகிழக்கேயுள்ள பிவா ஏரிக்கரையில் இம்முறையில் 'ஃபுனாசுஷி' இன்றும் செய்யப்படுகிறது. அதன் நாற்றத்தைத் தாங்குவோர்க்கே அதன் சுவை கிட்டும்.

நாளடைவில் மக்கள் புளிக்கும் காலத்தைக் குறைத்தனர். சோற்றையும் சேர்த்து உண்ணலாயினர். இறுதியில் நொதிக்க வைப்பதையே விட்டு, சோற்றில் காடியைச் (வினிகரை) சேர்த்துப் புளிப்பேற்றினர். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில், காடி கலந்த சோற்றைக் கையால் பிடித்து அதன்மேல் மீன்துண்டை வைத்து உடனே தரும் 'நிகிரி' முறை பரவிற்று. அதனை நிலைநாட்டியவர் என்று ஹனாயா யோஹெய் (1799–1858) என்பவரைக் குறிப்பிடுவது மரபு. 1804 ஆம் ஆண்டில் நக்கானோ மத்தாசயெமொன் என்பவர் ஹண்டா என்னும் ஊரில், அரிசி மதுவை வடித்தபின் எஞ்சும் மண்டியிலிருந்து காடி செய்யும் தொழிலைத் தொடங்கினார். மலிவான அச்செந்நிறக் காடி எடோவுக்குக் கப்பலில் வந்து இறங்கியதும் நிகிரியின் வளர்ச்சிக்குத் துணை செய்தது.

அந்நாளைய நிகிரி தெருவோரத் தள்ளுவண்டி உணவு. வேலைக்குச் செல்வோர் நின்றபடியே இரண்டு மூன்று துண்டுகளை உண்டு நடப்பர். ஒரு துண்டு இன்றைய துண்டினும் இரண்டு மூன்று மடங்கு பெரிது. விலையை உயர்த்தி ஆடம்பரச் சுஷி விற்றோரும் இருந்தனர். 1841 முதல் 1843 வரை நடந்த தென்போச் சீர்திருத்தத்தின்போது அவர்களுள் பலர் தண்டனை பெற்றனர். இன்றைய விலைகளை அவ்வரசு அதிகாரிகள் கண்டால் என்ன செய்வர் என்று எண்ணி நகைக்கலாம்.

பனிக்கட்டிப் பெட்டி இல்லாத காலம் அது. ஆதலின் எடோச் சமையற்காரர் மீனை அப்படியே தரவில்லை. சிலவற்றை உப்பிட்டுக் காடியில் ஊறவைத்தனர். சூரை மீனைச் சோயாச் சாற்றில் ஊறவைத்தனர். கடல் விலாங்கை மெல்ல வேகவைத்து, வெந்த சாற்றையே காய்ச்சிக் குழம்பாக்கி மேலே தடவினர். இறாலை அவித்தனர். கெடாமல் காப்பதற்கென ஏற்பட்ட இவ்வேலைகளே, குளிர்பதனம் வந்தபின் சுவைக்கென நிலைத்தன. நல்ல கடையொன்றில் விருந்தினர் காண்பது அரைமணியோ இரண்டு மணியோ நிகழும் கைவேலை. அதற்கு முன் நாட்கணக்கில் நடந்த வேலையை அவர் காண்பதில்லை. அவர் ஒப்படைப்பது பெரும்பாலும் காணாத அவ்வேலையைத்தான்.

'கொஹாடா' என்னும் மீனை எடுத்துக்கொள்வோம். மத்தி, சாளை போன்றவற்றின் உறவான சிறிய மீன் இது. வெள்ளியெனத் தோல் மின்னும், முள் மிகுதி, சந்தையில் மலிவானது. வளர வளர இதன் பெயர் மாறுகிறது. விரல் நீளத்துக் குஞ்சு 'ஷிங்கோ', சற்று வளர்ந்தது கொஹாடா, அதனினும் பெரியது 'நக்காசுமி', முழு வளர்ச்சி பெற்றது 'கொனோஷிரோ'. அரும்பு, மொட்டு, மலர் என்று பருவந்தோறும் பெயர் மாற்றும் தமிழர்க்கு இது வியப்பன்று. வியப்பு யாதெனில், இங்கு பெயரோடு விலையும் தலைகீழாக மாறுவதுதான். வளர்ந்த மீனை வாங்குவார் குறைவு. கோடைத் தொடக்கத்தில் முதன்முதல் வரும் குஞ்சுக்கோ பெருவிலை. ஒரு பிடி சோற்றின்மேல் இரண்டு மூன்று குஞ்சுகளைச் சேர்த்து வைத்தால்தான் ஒரு துண்டாகும்.

இம்மீனின் செதிலையும் தலையையும் குடலையும் நீக்கி, வயிற்றுப்புறமாகப் பிளந்து விரிப்பர். பின்னர் உப்பைத் தூவுவர். எவ்வளவு நேரம் உப்பில் இருக்கவேண்டும் என்பதற்கு எழுதிய கணக்கு இல்லை. மீனின் பருமன், அதன் கொழுப்பு, அன்றைய வெப்பம் ஆகியவற்றைப் பார்த்து நிமிடங்களைக் கூட்டியும் குறைத்தும் முடிவு செய்வர். உப்பைக் கழுவி, முதலில் ஒருமுறை காடியில் அலசி, மீண்டும் புதிய காடியில் ஊறவைப்பர். நீரை வடித்து எடுத்து, புளிப்பும் உப்பும் தசையில் ஒன்றாகப் பரவும்வரை ஒரு நாளோ அதற்கு மேலோ வைத்திருப்பர். சற்றுக் கூடினால் தோல் வெளுத்துத் தசை விறைத்துவிடும். குறைந்தால் மீன்நாற்றம் போகாது. சுஷி அறிந்தோர் ஒரு கடையின் தரத்தைக் கொழுத்த சூரையைக் கொண்டு அளப்பதில்லை. கொஹாடாவைக் கொண்டே அளப்பர். சூரையைப் பணம் கொண்டு வாங்கிவிடலாம்.

பிடித்தவுடன் உண்ணும் மீனே சுவை மிக்கது என்பதும் முழு உண்மையன்று. மீன் இறந்தபின் அதன் தசையிலுள்ள ஆற்றல்தரும் பொருள் சிதைந்து, சில மணி நேரத்தில் இனோசினிக் அமிலம் திரள்கிறது. சுவை ஊறுவது அப்போதுதான். மேலும் காலம் சென்றால் அதுவும் சிதையும். 1908 ஆம் ஆண்டில் இக்கேடா கிக்குனாயே என்னும் வேதியியல் அறிஞர் 'கொம்பு' என்ற கடற்பாசியின் சாற்றில் குளூட்டமேட்டைக் கண்டு, அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். 1913 ஆம் ஆண்டில் அவர் மாணவர் கொடாமா ஷிந்தாரோ, உலர்த்திய மீனில் அதே இனச் சுவை தருவது இனோசினிக் அமிலத் தொடர்புடைய பொருள் என்று காட்டினார். இரண்டும் கூடினால் சுவை பன்மடங்காகும். வெண்தசைத் தட்டைமீனைக் கடற்பாசித் தாள்களுக்கிடையே வைத்துப் பக்குவம் செய்யும் வழக்கமோ இவ்வாராய்ச்சிகளுக்கு முற்பட்டது.

சோற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். சமையற்காரர் பலர் மீனினும் சோற்றையே முதன்மையாகக் கருதுவர். வடித்த சூட்டோடு மரத்தொட்டியில் கொட்டி, காடியும் உப்பும், சில கடைகளில் சர்க்கரையும், கலந்து பருக்கை உடையாமல் கிளறுவர். உண்ணும்போது அது ஏறத்தாழ உடற்சூட்டில் இருத்தல் வேண்டும். கையில் எடுத்தால் உதிராமலும் வாயிலிட்டால் உதிர்ந்தும் போகவேண்டும். சோறாக்க மூன்றாண்டு, பிடிக்க எட்டாண்டு என்பது அத்தொழிலில் வழங்கும் மொழி. சில திங்களிலேயே கற்பிக்கும் பள்ளிகளும் இன்று டோக்கியோவில் உள்ளன. ஆதலின் அந்தப் பதினோராண்டில் எத்தனை ஆண்டு கல்வி, எத்தனை ஆண்டு வெறும் ஏவல் என்று கேட்பாரும் உளர். அக்கேள்வி நியாயமானதே.

எடோவின் நிகிரி ஜப்பான் முழுவதற்கும் உரியதானது பிற்காலத்தில்தான். 1923 ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கம் டோக்கியோவை அழித்தபோது, அங்கிருந்த சுஷிக்காரர் பலர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பி அங்கே கடை வைத்தனர். போருக்குப் பின்னர் உணவுப் பஞ்சம் நிலவிற்று. 1947 ஆம் ஆண்டில் உணவகங்களை மூடுமாறு ஆணை பிறந்தது. அப்போது சுஷிக்காரர் ஒரு வழி கண்டனர். தாம் உணவு விற்பதில்லை. மக்கள் ஒப்படைக்கும் அரிசியைக் கூலிக்குச் சுஷியாக்கித் தருகிறோம் என்று கூறி இசைவு பெற்றனர். ஒரு 'கோ' அரிசிக்குப் பத்துத் துண்டு என்பது கணக்கு. ஒரு கோ என்பது சுமார் 150 கிராம். பங்கீட்டு அரிசியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து நின்றவர்களும் ஒருவகையில் ஒப்படைத்து உண்டவர்களே.

நாடு செழித்தபின் நிலைமை வேறாயிற்று. குளிர்பதன வசதி பெருகவே, எடோக் காலத்தில் விரைவில் கெடுவதென்று தள்ளப்பட்ட சூரையின் கொழுத்த வயிற்றுப்பகுதி அரும்பொருளாயிற்று. உயர்ந்த கடைகளில் விலைப்பட்டியலே இராது. 'அன்றைய விலை' என்ற குறிப்பு மட்டும் இருக்கும். கேட்டுக் கேட்டு உண்டவர் இறுதியில் வரும் கணக்கை எண்ணி நடுங்குவார். எதை முதலில் கேட்பது, எதைக் கேட்டால் நகைப்பர் என்ற அச்சம் வேறு. 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒமகாசே பெருகியதற்கு இவ்வச்சமும் ஒரு காரணம் எனலாம். தொகையை முன்னரே சொல்லிவிட்டால் புதியவரும் துணிந்து அமரலாம். சமையற்காரருக்கும் எத்தனை பேர், எத்தனை துண்டு என்பது காலையிலேயே தெரியும்; வாங்கியது வீணாகாது. தேர்வைக் கைவிட்டவர்க்கு அச்சம் நீங்கியது என்பதே இதில் கருதத்தக்கது.

பத்துப்பேர் அமரும் ஒரு நீண்ட பலகை. அதன் மறுபுறம் சமையற்காரர். வெண்தசை மீன்களில் தொடங்கி, கொஹாடா போன்ற வெள்ளித்தோல் மீன்கள், சூரையின் சிவந்த பகுதி, கொழுத்த பகுதி, இறால், கடல் முள்ளெலியின் உள்ளீடு, சால்மன் சினை என்று சென்று, கடல் விலாங்கிலும் முட்டையடையிலும் முடிப்பது பொதுவான வரிசை. மென்சுவைக்குப்பின் வன்சுவை வருதல் இதன் நோக்கம். இடையிடையே காடியில் ஊறிய இஞ்சி, நாவைக் கழுவுதற்கு. சோயாச் சாற்றை அரிசி மதுவுடன் காய்ச்சி, சமையற்காரரே மீன்மீது தடவித் தருவார், தோய்த்து உண்ணவேண்டுவதில்லை. காரக்கிழங்காகிய வசாபியும் உள்ளேயே இருக்கும். வைத்தவுடன் உண்ண வேண்டும் என்பதும், வாசனைத் தைலம் பூசி வரலாகாது என்பதும் வெற்றுச் சடங்குகளல்ல. சோற்றின் சூடும் வசாபியின் மணமும் சில நிமிடங்களில் குன்றிவிடும்.

1925 ஆம் ஆண்டில் பிறந்த ஓனோ ஜிரோவின் கடை இம்முறையால் உலகப் புகழ் பெற்றது. டோக்கியோவின் கின்சாப் பகுதியில், நிலத்தடியில் பத்து இருக்கைகள் மட்டுமே கொண்டது அது. 2014 ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானியப் பிரதமர் அபே, அமெரிக்க அதிபர் ஒபாமாவை அங்கே அழைத்துச் சென்றார். 2019 ஆம் ஆண்டின் இறுதியில் மிச்செலின் வழிகாட்டி தன் பட்டியலிலிருந்து அக்கடையை நீக்கியது. தரம் குறைந்ததாக அது கூறவில்லை. பொதுமக்கள் நேராக இடம் பதிய இயலாத கடை என்பதே காரணம். யார் ஒப்படைக்கலாம் என்பதையும் கடையே தேர்ந்தெடுக்கும் நிலை வந்தபின், நம்பிக்கை என்ற சொல் சற்று இளைத்துத்தான் போகிறது.

ஒப்படைத்தலுக்கு எல்லைகளும் உண்டு. இறால் ஒவ்வாதவரும், மதுக்கலப்பை விலக்குவோரும் பதிவு செய்யும்போதே சொல்லிவிடல் வேண்டும். அமர்ந்தபின் கூறினால் மாற்றித்தரப் பொருள் இராது. புலால் மறுத்தோர்க்கு இங்கு இடமில்லை என்றே கூறலாம். இடம் பதிந்துவிட்டு வாராதிருப்பவர் மற்றொரு வகையினர். அவருக்கென மூன்று நாள் முன்பே உப்பிட்ட மீனை வேறெவர்க்கும் வைத்து விற்க முடியாது. ஆகவேதான் பல கடைகள் முன்பணம் கேட்கின்றன.

பெரிய எல்லை கடலில் இருக்கிறது. 2018 ஆம் ஆண்டில் ட்சுக்கிஜியிலிருந்து தொயோசுவுக்கு டோக்கியோ மீன்சந்தை மாறியது. 2019 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அங்கு நடந்த முதல் ஏலத்தில் 278 கிலோ எடையுள்ள சூரையொன்று 33 கோடியே 36 இலட்சம் யென்னுக்குப் போயிற்று. அந்நாள்வரை அதுவே உச்சவிலை. அது விளம்பரத்துக்கென ஏற்றிய விலை என்பதை யாவரும் அறிவர். ஆயின் இதே பசிபிக் நீலத்துடுப்புச் சூரை, அளவிறந்த மீன்பிடியால் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் மிகவும் அருகியிருந்தது. பிடிக்கும் அளவை நாடுகள் கட்டுப்படுத்தியபின் அது மெல்லப் பெருகி, 2024 ஆம் ஆண்டில் பெரிய மீன்களுக்கான அளவை உயர்த்த இசையும் நிலை வந்தது. விருந்தினர் தேர்வைக் கைவிடும்போது இந்த மீனை உண்பதா வேண்டாவா என்னும் முடிவையும் கைவிடுகிறார். அதனைச் சந்தையில் விடியுமுன் நிற்கும் சமையற்காரர்தான் ஏற்கவேண்டும். சிங்கப்பூருக்கு விமானத்தில் வரும் பெட்டிகளிலும் அம்முடிவு அடங்கியே வருகிறது.

முட்டையடை வந்தால் விருந்து முடிந்தது என்று பொருள். பல கடைகளில் அப்போது சமையற்காரர், வேறு ஏதேனும் வேண்டுமா என்று வினவுவார். அந்த இடத்தில் ஒமகாசே முடிந்து ஒகொனோமி தொடங்குகிறது. உண்டவற்றுள் விரும்பியதை மீண்டும் கேட்கலாம். அத்துண்டுகளுக்கு விலை தனி.