நெஞ்செரிச்சல் சிரப்பில் இருக்கும் பொருள் அலுமினியம் ஆவது எப்படி? 1,000 டிகிரி சூட்டில் நடப்பது என்ன?

நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை சிரப்பின் லேபிளைப் பாருங்க. பலவற்றில் 'அலுமினியம் ஹைட்ராக்சைடு' என்று இருக்கும். வீட்டில் இருக்கும் அலுமினிய இட்லிப் பானையும் இதே பொருளில் இருந்து வந்ததுதான். நடுவில் நடந்தவை... சூடும், மின்சாரமும்!

பொடி எங்கிருந்து வருது?

பாக்சைட் தாதுவை சூடான காஸ்டிக் சோடா கரைசலில் போட்டால், அதில் இருக்கும் அலுமினியம் கரையும். இரும்பு கலந்த செஞ்சேறு கரையாமல் நிற்கும். சேற்றை வடிகட்டி, கரைசலை ஆறவிட்டால், வெள்ளை ஹைட்ராக்சைடு பொடி படியும். இதுதான் பேயர் முறை. ஒடிசாவின் தமன்ஜோடியில் உள்ள நால்கோ ஆலையிலும் இதுவே நடக்கிறது.

வெயிலில் காயவைத்தால் போதாதா?

போதாது. இது ஈரத்துணியில் இருக்கும் தண்ணீர் இல்லை. தொட்டுப் பார்த்தால் பொடி காய்ந்துதான் இருக்கும். ஆனால், படிகத்துக்குள்ளேயே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அலுமினியத்தோடு பிணைந்து கிடக்கின்றன. 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதுதான் அந்தப் பிணைப்பு உடைந்து, நீராவி கிளம்பும். 1,000 டிகிரி வரை சூடேற்றினால், 100 கிலோ பொடியில் சுமார் 35 கிலோ ஆவியாகப் போய்விடும். மிஞ்சும் 65 கிலோதான் அலுமினா.

தண்ணீரை எடுக்காமல் விட்டால்?

அங்கேதான் ஆபத்து. அடுத்த கட்டத்தில், சுமார் 960 டிகிரியில் உருகிய கிரையோலைட் என்ற ஃபுளோரைடு உப்பில் அலுமினாவைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். அதில் தண்ணீர் சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயு உருவாகும். தொழிலாளர்களின் நுரையீரலையே பதம் பார்க்கும் வாயு இது.

அப்போ, இன்னும் அதிகமா சுடலாமே?

அதுவும் கூடாது. 1,200 டிகிரியை நெருங்கினால் அது 'ஆல்ஃபா அலுமினா'வாக இறுகிவிடும். மாணிக்கக் கல்லும் அடிப்படையில் இதுதான்! ஸ்பார்க் பிளக், சாணைக்கல் செய்ய இந்தக் கெட்டித்தன்மை வேண்டும். ஆனால், உருகிய உப்பில் இது லேசில் கரையாது. அதனால், உலோகம் எடுக்கும் ஆலைகளுக்கு நுண்துளைகள் நிறைந்த பதமே தேவை. அந்தத் துளைகள் ஃபுளோரைடு வாயுவையும் உறிஞ்சிக்கொள்ளும். புகையைச் சுத்தம் செய்யவும் ஆலைகள் இதே அலுமினாவைத்தான் பயன்படுத்துகின்றன.

கணக்கு என்ன?

1 டன் அலுமினியத்துக்கு சுமார் 2 டன் அலுமினா வேண்டும். அதற்கு சுமார் 3 டன் ஹைட்ராக்சைடு பொடி வேண்டும். ஆக, ஒவ்வொரு டன் அலுமினியத்துக்கும் பின்னால், ஏறக்குறைய 1 டன் தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கிறது.