ஊரில் ஒரு பிரதி

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் பெங்களூர் நகரில் பெய்த பெருமழையை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலை, வெளிவட்டச் சாலை முதலிய இடங்களில் குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கணினி நிறுவனங்களில் பணிபுரிவோர் டிராக்டரில் ஏறி அலுவலகம் சென்ற காட்சியை நாடே கண்டது. நமக்கு அறிமுகமான அன்பர் ஒருவர், தரைத்தளத்தில் குடியிருந்தவர், அந்த வெள்ளத்தில் தமது மடிக்கணினியை இழந்தார். அவர் அசட்டையானவர் அல்லர். கணினியில் உள்ளவற்றை வெளியிணைப்பு ஹார்டு டிஸ்க் ஒன்றில் மாதந்தோறும் பிரதி எடுத்து வந்தவர். ஆனால் அந்த டிஸ்க், கணினி இருந்த அதே மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது. சேற்று நீர் இரண்டையும் ஒருங்கே கொண்டுபோயிற்று. புதிய கணினியை மறுமாதமே வாங்கிவிட்டார். தஞ்சையிலிருந்து அவருடைய காலஞ்சென்ற அன்னையார் பேசியதைப் பதிவு செய்திருந்த ஒலிக்கோப்புகளை எந்தக் கடையில் வாங்குவது?

எனவே, எந்த டிஸ்க் வாங்கலாம் என்று கேட்போரிடம், அதை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதையே நாம் முதலில் கேட்கிறோம்.

ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதி வைப்பது நம் முன்னோர் வழக்கம். பல நூல்கள் இன்று நமக்குக் கிடைத்திருப்பது, ஓர் ஊரில் அழிந்த சுவடிக்கு வேறோர் ஊரில் படி இருந்தமையால்தான். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் சாம்பலாயின. வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்க்கு இவ்வகையில் ஒரு வசதி உண்டு. அவர்களுக்கு இருப்பிடம் ஒன்று, சொந்த ஊர் ஒன்று என இரண்டு வீடுகள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ எப்படியும் ஊருக்குப் போகிறார்கள். ஆகவே ஒரே பெரிய டிஸ்க்கை வாங்குவதைவிட, நடுத்தரமான டிஸ்க்குகள் இரண்டை வாங்குவதே தக்கது. ஒன்று பெங்களூரில் இருக்கட்டும். மற்றது ஊர் வீட்டு பீரோவில் இருக்கட்டும். ஒவ்வொரு பயணத்திலும் புதிதாகப் பிரதி எடுத்ததைக் கொண்டுபோய் வைத்து, அங்கிருப்பதை எடுத்து வரலாம்.

இனி, டிஸ்க்கின் வகைக்கு வருவோம். சுழலும் தட்டுகள் கொண்ட ஹார்டு டிஸ்க் ஒன்று. அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. மற்றொன்று. முதல் ஹார்டு டிஸ்க்கை ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் வெளியிட்டபோது, அதில் ஐம்பது பெருந்தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்டது ஏறத்தாழ 5 மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்திற்கே அது சரியாகப் போய்விடும்! தட்டு சுழலும்போது, அதைப் படிக்கும் முனை மயிரிழையினும் மிக நுண்ணிய இடைவெளியில் அதன்மேல் மிதக்கிறது. அந்நேரத்தில் கீழே விழுந்தால் தட்டு கீறிப் பழுதாகும். இணைப்பைத் துண்டித்தபின் முனை ஒதுங்கிவிடுவதால், துணிகளுக்கிடையே பொதிந்து இரவுப் பேருந்தில் கொண்டுசெல்வதில் பெரிய அச்சமில்லை.

எஸ்.எஸ்.டி. அதிர்ச்சியைத் தாங்கும், விரைவாக வேலை செய்யும், அதே கொள்ளளவுக்கு விலையும் கூடுதல். எனினும் அதில் தகவல் மின்னூட்டமாகத் தங்கியிருக்கிறது. மின்சாரம் காட்டாமல் நெடுங்காலம் பெட்டியில் கிடந்தால் அது மெல்லக் கசியக்கூடும். ஆகவே, ஊர் வீட்டில் பல மாதம் கிடக்கப்போகும் பிரதிக்கு ஹார்டு டிஸ்க்கையும், நாள்தோறும் பையில் சுமப்பதற்கு எஸ்.எஸ்.டி.யையும் நாம் பரிந்துரைப்போம். ஹார்டு டிஸ்க்கிலும் இரண்டரை அங்குல வகையே ஏற்றது. கணினியிலிருந்தே மின்சாரம் பெறும். மூன்றரை அங்குல வகைக்குத் தனி அடாப்டர் வேண்டும், பயணத்திற்கு உதவாது.

கொள்ளளவு, கணினியில் உள்ளதைப்போல் இருமடங்கு இருந்தால் போதும். கோப்புகளின் பழைய வடிவங்களையும் சேர்த்து வைக்க அவ்விடம் பயன்படும். 1 டெராபைட் என்று வாங்கிய டிஸ்க், விண்டோஸ் கணினியில் 931 ஜிகாபைட் என்றே காட்டும். இதைக் கண்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்களும் உண்டு. குற்றம் அவருடையதன்று. தயாரிப்பாளர் ஓர் இலட்சம் கோடி பைட்டை ஒரு டெராபைட் என்கிறார். கணினி 1,024-இன் பெருக்கத்தால் எண்ணுகிறது.

உண்மையான மோசடி வேறு. மிகக் குறைந்த விலையில் 16 டெராபைட் எஸ்.எஸ்.டி. என்று இணையத்தில் விற்கப்படுபவை பலவற்றின் உள்ளே சிறு மெமரி கார்டுதான் இருக்கும். பொய்க் கொள்ளளவைக் காட்டும்படி அது திரிக்கப்பட்டிருக்கும். நிரம்பியபின் எழுதுவதெல்லாம் வீண். பெங்களூர்வாசிகளுக்கு எஸ்.பி. ரோடு என வழங்கும் சதர் பத்ரப்பா சாலைக் கடைகள் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. அங்கேயும் ரசீதில்லாமல் வாங்கலாகாது; வரிசை எண்ணை நிறுவனத்தின் தளத்தில் சரிபார்க்க வேண்டும். ஹார்டு டிஸ்க்கைத் தயாரிப்பவை இன்று சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்றே நிறுவனங்கள். அவற்றுள் எது சிறந்தது என்ற வாதத்தில் நாம் இறங்கப் போவதில்லை. மூன்றும் ஒருநாள் பழுதாகும். உத்தரவாதம் என்பது டிஸ்க்கை மாற்றித் தருமேயன்றி, அதிலிருந்ததைத் தராது.

வாங்கியபின், பிரதி எடுக்கும் நேரம் தவிர மற்ற வேளைகளில் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். 2017 மே மாதத்தில் பரவிய வான்னாக்ரை போன்ற தீநிரல்கள், கணினியோடு இணைந்திருக்கும் டிஸ்க்கையும் பூட்டிவிடும். ஊருக்குச் செல்லும் டிஸ்க்கில் பட்டா, வங்கித் தாள் முதலியவற்றின் படங்களும் இருக்குமாதலால், கடவுச்சொல்லிட்டுக் காப்பது நலம். அச்சொல்லை எழுதி, டிஸ்க் இல்லாத வேறிடத்தில் வைக்க வேண்டும்; அதை மறந்தால் உரியவருக்கும் திறக்காது.

இணையச் சேமிப்பு மூன்றாவது பிரதியாக இருக்கலாம். ஆயினும் கட்டணம் நின்றாலோ கணக்கு முடங்கினாலோ அது கைக்கு எட்டாது.

ஊரில் டிஸ்க்கை ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்துடன் இறுக மூடும் டப்பாவிலிட்டு, மேல்தட்டில் வையுங்கள். தேதியை எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை போகும்போது, ஒரு நிழற்படத்தையும் ஓர் ஒலிப்பதிவையும் அங்கேயே திறந்து, வீட்டுப் பெரியவர்களுடன் அமர்ந்து பார்த்துவிட்டு, பிறகு மாற்றி எடுத்து வாருங்கள்.