கறிக்கும் வியர்க்கும்

பிற்பகல் இரண்டு மணிக்கு வெப்பமானி 68 டிகிரி காட்டியது. மூன்று மணிக்கும் 68. நாலு மணிக்கு 67! ஆறு மணிக்கு விருந்தினர் வந்துவிடுவார்கள். ஹூஸ்டனுக்குக் குடிவந்தபின் நான் புகைபோட்ட முதல் பிரிஸ்கெட் அது. மாட்டின் மார்புக் கறி, ஐந்தரைக் கிலோ. விடிகாலை ஐந்துக்கே அடுப்பு மூட்டியிருந்தேன். பதற்றத்தில் விறகை அள்ளித் திணித்தேன். வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. இரவு ஒன்பதரைக்குத் தட்டில் விழுந்த கறி, தார் தடவினாற்போல் கசந்தது.

அடுப்பில் கோளாறு என்றே நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் சிரித்தார். “கறிக்கு வியர்க்கிறது, அவ்வளவுதான்” என்றார்.

டெக்சாஸில் இதற்கு ‘ஸ்டால்’ என்று பெயர். உள்சூடு 65 டிகிரியைத் தாண்டியதும் மணிக்கணக்கில் ஏறாமல் நின்றுவிடும். கொழுப்பு உருகுவதுதான் காரணம் என்று பலர் நம்பியிருந்தார்கள். கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் சோதித்துப் பார்த்து, ஆவியாதலே காரணம் என்று காட்டினார். அடுப்பு கொடுக்கும் சூட்டை, கறியிலிருந்து கசியும் நீர் ஆவியாகி எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். மேற்பரப்பு காய்ந்ததும் சூடு தானாக ஏறும். பொறுமை இல்லாதவர்கள் அலுமினியத் தாளில் இறுகச் சுற்றிவிடுவார்கள். சீக்கிரம் வெந்துவிடும், ஆனால் மேல் பொருக்கு நமுத்துப்போகும். கறிக்கடையில் பொட்டலம் கட்டும் தடித்த தாள் கொஞ்சம் ஆவியை வெளியே விடும். பொருக்கு அவ்வளவாகக் கெடாது. எப்படிச் சுற்றினாலும் 95 டிகிரியை ஒட்டித்தான் கறி பூப்போல் பிரியும். சவ்வுபோல் இழுக்கும் கொலாஜன் அதற்குள் ஜெலட்டினாக இளகியிருக்கும்.

கசப்பு என் கைங்கரியம். புகை கூடினால் மணமும் கூடும் என்பது தப்புக் கணக்கு. விறகிலுள்ள லிக்னின் சிதைந்து வரும் குவையகால், சிரிங்கால் போன்றவைதான் அந்த மணத்தைத் தருகின்றன. காற்றுப் போதாமல் புழுங்கும் விறகோ கசப்பையும் கரியையும் கக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலம் பாய்ந்த மெல்லிய புகை வரவேண்டும். அதற்குக் காய்ந்த ஓக் விறகைச் சிறுசிறு துண்டாகப் போட்டு, காற்றுவழியைத் திறந்து வைக்கவேண்டும். குளிர்ந்த, ஈரமான கறியில்தான் புகை நன்றாக ஒட்டும். ஆகவே மணம் ஏறுவது முதல் சில மணி நேரத்தில்தான். தாளில் சுற்றியபின் போடும் விறகு வெறும் சூட்டுக்கு.

இப்போதெல்லாம் விருந்து மறுநாள் மதியம் என்றால், முந்தின இரவே அடுப்பு மூட்டிவிடுகிறேன். 68-இல் நின்றால் நிற்கட்டும். நான் ஒரு தூக்கம் போட்டு எழுகிறேன்.