தேரும் பெட்டியும்

திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம் காண இராசபாளையத்து மக்களும் திரள்வர். வடம் பிடித்தவுடன் தேர் அசைவதில்லை; அசைந்தபின் இழுப்பது எளிதாகிறது. இஃது ஏன்?

தேரை வகுப்பறைக்குக் கொணர இயலாது; மாதிரி கொண்டு ஆராயலாம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய 'ஃபெட்' என்னும் இணையத்தளத்தில் இத்தகைய மாதிரிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன, தமிழிலும் உள.

அங்கே விசையும் இயக்கமும் பற்றிய மாதிரியைத் திறப்பீராக. திரையில் ஒரு பெட்டி தோன்றும். அதனைத் தள்ளுமுன், என்ன நிகழுமென்று ஏட்டில் எழுதிக்கொள்க. இதனை விடுத்தால் எல்லாம் வெறும் விளையாட்டே. விசை உராய்வை விஞ்சும்வரை பெட்டி அசையாது. அசைந்ததும் உராய்வைக் குறிக்கும் அம்பு குறுகக் காண்பீர்கள். உராய்வை முற்றும் நீக்கினாலோ, தள்ளுவதை நிறுத்திய பின்னும் பெட்டி ஓடிக்கொண்டேயிருக்கும்!

ஆயினும் பெட்டிக்குச் சக்கரமில்லை, தேருக்கு உண்டு. அதனால் கணக்கு எவ்வாறு மாறும்?